கொழுப்புக் கூண்டும் தானிய மேடையும்: பறவைக்கு உணவிட்ட வரலாறு

2025ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டனின் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் தட்டைப் பரப்புடைய தீனி மேசைகளின் விற்பனையை நிறுத்திவைத்தது. அத்தகைய மேசைகளில் எச்சமும் எச்சிலும் தீனியோடு கலந்து, பறவைகளிடையே நோய் பரவக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அதே ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் மும்பை மாநகராட்சி தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாயால் மூடியது. புறாக்களின் எச்சத்தாலும் இறகுத் தூசியாலும் மனிதரின் நுரையீரலுக்குக் கேடு விளைகிறது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். ஆகஸ்ட் 6ஆம் நாள் திரண்டுவந்த மக்கள் அந்தத் தார்ப்பாயைக் கிழித்தெறிந்தனர்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. முதலாவது, வீட்டுத் தோட்டத்தில் கொழுப்புருண்டையும் விதையும் தொங்கவிடும் ஐரோப்பியப் பழக்கத்தைச் சார்ந்தது. இரண்டாவது, ஊர் நடுவே தானியம் இறைக்கும் மேற்கிந்திய அறமரபின் வழிவந்தது. தோற்றத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இரு வழக்கங்கள் ஒரே ஆண்டில் ஒரே கேள்வியின் முன் வந்து நின்றன என்பதே கருதத்தக்கது. காட்டுயிருக்கு மனிதன் இடும் உணவு அவ்வுயிரை என்ன செய்கிறது? அதன் விளைவுக்குப் பொறுப்பேற்பவர் யார்? இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பறவைக்கு உணவிடுதல் ஒருபோதும் தனிமனித இரக்கத்தோடு முடிந்துவிடவில்லை என்பதும், அது நிறுவனமாக இருந்தபோது ஓர் அளவுக்குள் நின்றது என்பதும் விளங்கும்.

குளிர்நாட்டின் கொழுப்பு

ஆங்கிலத்தில் சூயட் எனப்படுவது மாடு, ஆடு ஆகியவற்றின் சிறுநீரகத்தைச் சூழ்ந்திருக்கும் கெட்டிக் கொழுப்பு. பிரிட்டானியச் சமையலில் புட்டிங்குக்கும் மாவுருண்டைக்கும் பயன்பட்ட இப்பொருள் பறவைத் தீனியானதற்கு உடலியல் சார்ந்த காரணம் உண்டு. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றல் தரும். கொழுப்போ 9 கிலோகலோரி தரும். நீலப் பட்டாணிக்குருவியின் எடை ஏறத்தாழ 11 கிராம்தான். வடநாட்டின் நீண்ட குளிர்கால இரவைக் கடக்க அது தன் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்தாக வேண்டும். ஒரே இரவில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை அது இழக்க நேரும். உறைபனியில் பூச்சிகள் கிடைக்காத பகற்பொழுதில், கூண்டில் தொங்கும் ஒரு துண்டுக் கொழுப்பு அதன் உயிரைக் காக்கக்கூடும்.

இவ்வழக்கம் பொதுமக்களிடம் வேரூன்றியதற்கு 1890-91ஆம் ஆண்டின் கடுங்குளிரை வரலாற்றாசிரியர்கள் தொடக்கப் புள்ளியாகச் சுட்டுவர். பறவைகளுக்கு உணவிடுமாறு செய்தித்தாள்கள் மக்களை வேண்டிக்கொண்டன. டபிள்யூ. எச். ஹட்சன் 1898இல் வெளியிட்ட ‘பேர்ட்ஸ் இன் லண்டன்’ என்னும் நூலில், தேம்ஸ் ஆற்றுப் பாலங்களில் தொழிலாளரும் சிறுவரும் நண்பகல் இடைவேளையில் தம் உணவில் எஞ்சியதைக் கடற்காகங்களுக்கு எறிந்த காட்சியைப் பதிவுசெய்துள்ளார். அவ்வுணவு செல்வர் மாளிகையிலிருந்து வந்ததன்று. கூலித் தொழிலாளியின் உணவுப் பொதியிலிருந்து வந்தது. 1910ஆம் ஆண்டளவில் ‘பஞ்ச்’ இதழ் பறவைக்கு உணவிடுதலை ஒரு தேசியப் பொழுதுபோக்கு என வருணிக்கும் நிலை உருவாகிவிட்டது.

ஜெர்மனியில் நோக்கம் வேறாக இருந்தது. துரிங்கியாவின் செபாக் கோட்டையில் வாழ்ந்த பிரபு ஹான்ஸ் ஃபான் பெர்லெப்ஷ், உருக்கிய கொழுப்பில் விதைகளைக் கலந்து ஊசியிலை மரக் கிளைகளின்மேல் ஊற்றும் முறையைப் பரப்பினார். கொழுப்பு கிளையில் உறைந்ததும் மரமே தீனித் தட்டாகிவிடும். பழத்தோட்டத்தையும் காட்டையும் அழிக்கும் பூச்சிகளை உண்ணும் பறவைகளைப் பெருக்குவது அவருடைய நோக்கங்களுள் முதன்மையானது. அவருடைய முறைகளை மார்ட்டின் ஹீஸமான் தொகுத்தெழுதிய நூல் 1908இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆக, ஐரோப்பிய வழக்கத்தின் பிறப்பிலேயே இரக்கமும் பயன்கருதிய கணக்கும் பின்னியிருந்தன.

அவ்வழக்கம் பெருகியபோது பறவைகளும் மாறின. மத்திய ஐரோப்பாவில் இனப்பெருக்கம் செய்யும் பிளாக்கேப் என்னும் பாடும் பறவை குளிர்காலத்தில் தென்மேற்கே செல்வது வழக்கம். அவற்றுள் ஒரு பகுதி இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனை நோக்கி வடமேற்கே திரும்பியது. இத்திசைமாற்றம் மரபுவழிப்பட்டது என்பதைப் பீட்டர் பெர்ட்ஹோல்ட் குழுவினர் 1992இல் நிறுவினர். தோட்டத் தீனி அவ்வலசையை நிலைபெறச் செய்தது எனப் பின்வந்த ஆய்வுகள் கூறின. 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, பிரிட்டனின் பெரிய பட்டாணிக்குருவிகளின் அலகு நெதர்லாந்தின் பட்டாணிக்குருவிகளுடைய அலகைவிட நீண்டிருப்பதையும், நீண்ட அலகுக்குரிய மரபணுக்கூறு உடையவை தீனிக் கூண்டுகளை மிகுதியாக நாடுவதையும் காட்டியது. 2005 முதல் டிரைகோமோனோசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோய் கிரீன்ஃபிஞ்ச் பறவைகளைப் பேரளவில் அழித்தது; 2021இல் அப்பறவை பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது. உணவைத் தேடி ஓரிடத்தில் கூடியமை அந்நோய்ப் பரவலுக்கு வழியமைத்தது. 2025ஆம் ஆண்டு முடிவின் பின்னணி இதுவே.

நாள்தோறும் இடும் பலி

இந்தியச் சமவெளியில் பறவைக்கு உணவிடும் வழக்கம் குளிர்காலப் பஞ்சத்தை முன்னிட்டுப் பிறக்கவில்லை. இங்கே அது நாட்கடமையாக வகுக்கப்பட்டது. இல்லறத்தான் ஆற்ற வேண்டிய ஐவகை வேள்விகளுள் பூதயக்ஞம் ஒன்று. உண்பதற்கு முன் நாய்க்கும் காக்கைக்கும் எறும்புக்கும் உணவின் ஒரு பகுதியை இடவேண்டும் என்பது அதன் விதி. தமிழ் இல்லங்களில் இன்றும் தொடரும் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்திற்கும் இவ்விதிக்கும் உள்ள உறவு வெளிப்படையானது. அசோகரின் ஐந்தாம் தூண் சாசனம், அவர் முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் ஆனபின் கொல்லக்கூடாதெனக் கட்டளையிட்ட உயிர்களை நிரல்படுத்துகிறது. கிளி, மைனா, அன்னம் முதலியவற்றோடு வெண்புறாவும் ஊர்ப்புறாவும் அப்பட்டியலில் உள்ளன. மனிதக் குடியிருப்பில் வாழும் புறாவைத் தனியொரு வகையாகக் கருதும் பார்வை கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே இருந்தது என்பதற்கு அச்சொல் சான்று.

இக்கடமையை நிறுவனமாக மாற்றியவர்கள் குஜராத்தின் வணிகர்கள், குறிப்பாகச் சமணர்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் காம்பே எனப்பட்ட கம்பாத் துறைமுகத்திற்கு வந்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், நொண்டி நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் அங்கே மருத்துவமனை இருந்ததையும் எறும்புகளுக்குக்கூட மக்கள் உணவிட்டதையும் வியப்போடு குறித்தார். 1623இல் அதே நகருக்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே அந்தப் பறவை மருத்துவமனைக்குள் சென்று பார்த்தார். கோழி, புறா, மயில், வாத்து, சிறுகுருவிகள் எனப் பலவகைப் பறவைகள் நோயுற்றும் ஊனமுற்றும் துணையிழந்தும் அங்கே வைத்துப் பேணப்பட்டன. நலம்பெற்றபின் காட்டுப் பறவை பறக்கவிடப்பட்டது; வீட்டுப் பறவை அறவோர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாயற்ற எலிக்குஞ்சுகள் சிலவற்றுக்கு மூக்குக்கண்ணாடி அணிந்த வெண்தாடி முதியவர் ஒருவர் பறவையின் இறகைத் தோய்த்துப் பாலூட்டியதையும் அவர் கண்டார்.

ஐரோப்பியப் பயணிகள் இதை விந்தையெனப் பதிவுசெய்தனர். சிலர் எள்ளலோடும் எழுதினர். ஆனால் தெல்லா வாலேயின் குறிப்பில் உற்றுநோக்க வேண்டியது அந்த நிறுவனத்தின் ஒழுங்கு. எந்தப் பறவை உள்ளே வரும், எவ்வளவு காலம் தங்கும், நலம்பெற்றபின் எங்கே போகும் என்பவற்றுக்கெல்லாம் அங்கே விதி இருந்தது.

சபூத்ரோ என்னும் கட்டடம்

குஜராத்தின் ஊர்ப்புறங்களிலும் அகமதாபாத்தின் போள் எனப்படும் பழைய குடியிருப்புத் தெருக்களிலும் சபூத்ரோ என்னும் தானிய மேடையை இன்றும் காணலாம். மரத்தாலோ கல்லாலோ அமைந்த ஒற்றைத் தூண். அதன் உச்சியில் எண்கோணமாகவோ அறுகோணமாகவோ விரியும் மேடை. அதன்மேல் சிறு விமானம் போன்ற கூரை. பூனையும் நாயும் எட்டாத உயரத்தில் தானியமும் நீரும் வைக்கப்படும். சிலவற்றில் பறவைகள் கூடுகட்டுவதற்கான மாடங்களும் அமைந்திருக்கும். போளின் மாளிகை முகப்பில் காணும் மரச்செதுக்கு வேலைப்பாடு இம்மேடையிலும் காணப்படுகிறது. 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அகமதாபாத்தின் மதிலகரத்தில், சபூத்ரோ தெருவின் பொதுச்சொத்து. கிணறு, கோயில், வாயில் ஆகியவற்றோடு அதுவும் ஒரு போளின் அடையாளம்.

இக்கட்டட வடிவம் ஓர் அறக்கருத்தின் உருவம் என்பதோடு ஒரு வரையறையும் ஆகும். மேடையின் பரப்பு சிறிது. ஆகவே அதில் கொட்டக்கூடிய தானியமும் வந்தமரக்கூடிய பறவைகளும் ஓரளவுக்குட்பட்டவை. அதைப் பேணும் பொறுப்பு முகந்தெரிந்த மனிதர்களைச் சார்ந்தது. எச்சம் விழுவது உணவிடுவோரின் தெருவிலேயே. கொடையின் பயனும் அதன் தொல்லையும் ஒரே சமூகத்தின்மேல் விழுந்தன.

இதற்குப் பின்னிருந்த பொருளியல் ஏற்பாடும் கருதத்தக்கது. மகாஜன் எனப்பட்ட வணிகக் குழுக்கள் தம் சரக்குகளின் மீது தாமே விதித்துக்கொண்ட சிறு தீர்வையைக் கொண்டு பிஞ்சராபோல்களை நடத்தின. இது தமிழ்நாட்டு வணிகச் சமூகங்களின் மகமையை ஒத்தது. சென்னை அயனாவரத்தில் இயங்கும் பிஞ்சராபோலும் இம்மரபின் தெற்குக் கிளையே. முதிர்ந்த கால்நடைகளையும் நோயுற்ற பறவைகளையும் பேணிய இந்நிலையங்களைப் பற்றி டெரிக் லாட்ரிக் 1981இல் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை ஆய்வாக விளங்குகிறது. இரக்கம் இங்கே கணக்கேட்டில் வரவும் செலவுமாக எழுதப்பட்டது.

பம்பாய்க்குப் பெயர்ந்த அறம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வணிகச் சமூகங்கள் பம்பாயில் குடியேறியபோது அவர்களுடைய அறநிலையங்களும் உடன்வந்தன. 1832 ஜூன் மாதம், தெருநாய்களைக் கொல்வோருக்குப் பரிசளிக்கும் காவல்துறை நடவடிக்கையை எதிர்த்துப் பார்சிகள் கிளர்ந்தெழுந்தனர். பிற சமூகத்தாரும் அவர்களோடு சேர்ந்தனர். பம்பாயின் நாய்க் கலவரம் என வரலாற்றில் அறியப்படும் நிகழ்வு இது. இரண்டாண்டுகளுக்குப் பின், 1834இல், பார்சி வணிகர் ஜாம்செட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகர்களும் சேர்ந்து பம்பாய் பிஞ்சராபோலை நிறுவினர். கொல்லாதே என்ற எதிர்ப்போடு நில்லாமல், கொல்லப்படாத உயிரை எங்கே வைத்துப் பேணுவது என்ற கேள்விக்கும் அவர்கள் விடை தேடினர்.

கபூதர்கானா இம்மரபின் பிற்கால வடிவம். சமணக் கோயில்களின் அருகிலும் சந்தைச் சதுக்கங்களிலும் புறாக்களுக்குச் சோளமும் கடலையும் இறைப்பதற்கென அமைந்த இடங்கள் இவை. சபூத்ரோவிலிருந்து இவை வேறுபடும் இடங்கள் மூன்று. தானியம் தூணின் உச்சியிலிருந்து தரைக்கு இறங்கியது. தெருவாரின் முறைவைப்பு மறைந்து, வழிப்போக்கர் எவரும் அருகிலுள்ள விற்பனையாளரிடம் ஒரு பொட்டலம் வாங்கிக் கொட்டிச் செல்லும் முறை வந்தது. உணவிடுவோர் ஓரிடத்திலும் எச்சத்தோடு வாழ்வோர் வேறோரிடத்திலும் என்ற பிரிவு ஏற்பட்டது. அறம் எஞ்சியது, அதன் அளவுகோல் கழன்றது.

சிபியின் தராசு

உணவிடுவோர் தம் உணவு விதியையே பறவைக்கும் விதிக்கின்றனர் என்பது இவ்வரலாற்றில் மறைந்துள்ள மற்றோர் உண்மை. மாட்டிறைச்சி உண்ணும் சமூகம் மாட்டுக் கொழுப்பைத் தொங்கவிட்டது. புலால் மறுத்த சமூகம் தானியத்தை இறைத்தது. எனவே எந்தப் பறவை வரும் என்பதும் முன்பே முடிவாகிவிட்டது.

டெல்லி சாந்தனி சௌக்கில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லால் மந்திர் வளாகத்தின் சமண அறப் பறவை மருத்துவமனை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1929இல் தொடங்கிய இந்நிலையம் ஆயிரக்கணக்கான புறாக்களையும் கிளிகளையும் காத்திருக்கிறது. ஆனால் ஊனுண்ணும் பறவைகளை அது உள்நோயாளிகளாக ஏற்பதில்லை. வெளிநோயாளிகளாக மட்டுமே மருத்துவம் செய்யும். புறா தங்கும் கூரையின்கீழ் பருந்தை வைத்து அதற்கு இறைச்சி கொடுப்பது அந்த அறத்திற்கு முரண் எனக் கருதப்படுகிறது.

அதே பழைய டெல்லியில், சற்றுத் தொலைவில், வேறோர் அறம் நடைபெறுகிறது. முஸ்லிம் குடும்பத்தினர் இறைச்சித் துண்டுகளை வானில் வீச, கரும்பருந்துகள் அவற்றை அந்தரத்திலேயே பற்றிச்செல்கின்றன. சதக்கா என்னும் ஈகையின் பகுதியாக இது செய்யப்படுகிறது. டெல்லியின் கரும்பருந்துகளை நெடுங்காலம் ஆராய்ந்த நிஷாந்த் குமாரும் அவருடைய உடனாய்வாளர்களும், உலகில் வேட்டைப்பறவைகள் மிக நெருக்கமாகக் கூடுகட்டும் இடங்களுள் அந்நகரம் ஒன்று எனவும், இறைச்சியீகை நிகழும் குடியிருப்புகளின் அண்மை கூடுகட்டும் இடத்தேர்வைப் பாதிக்கிறது எனவும் காட்டியுள்ளனர். பிரிட்டனின் கொழுப்புக் கூண்டுக்கு இந்தியாவில் ஓர் இணை தேடினால் குஜராத்தின் தானிய மேடையைவிட டெல்லியின் இறைச்சி வீச்சே நெருங்கியது எனலாம். பட்டத்தின் கண்ணாடி நூலால் இறகறுந்து விழும் பருந்துகளைப் பேண அந்நகரின் முஸ்லிம் சகோதரர்கள் தம் வீட்டிலேயே தொடங்கிய நிலையத்தைப் பற்றிய ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்னும் ஆவணப்படம் 2022இல் வெளிவந்தது.

சிபி மன்னன் கதையை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். மகாபாரதம் சொல்லும் இக்கதைக்குப் பௌத்த வடிவமும் சமண வடிவமும் உண்டு. சமணர் மரபில் இது பதினாறாம் தீர்த்தங்கரரின் முற்பிறவிக் கதை. அடைக்கலம் புகுந்த புறாவைக் கொடுக்க மறுக்கும் மன்னனிடம் பருந்து தன் பசிக்கு வழி கேட்கிறது. மன்னன் பருந்தை விரட்டிவிடவில்லை. அதன் வழக்கை நேரியதெனக் கொண்டு தன் தசையை அறுத்துத் தராசில் இடுகிறான். ஒரு பறவையைக் காத்தால் இன்னொரு பறவைக்கு விலை கொடுத்தாக வேண்டும் என்பதையும், அவ்விலையைக் காப்பவனே செலுத்த வேண்டும் என்பதையும் அக்கதை உணர்ந்திருந்தது. பிற்கால நிறுவனங்கள் புறாவை எடுத்துக்கொண்டன, தராசு பின்தங்கிவிட்டது.

கீச்சனும் தாதரும்

தானியம் இறைத்தல் எப்போதும் கேட்டையே விளைவிக்கும் என்று முடிவுகட்டுவதும் பிழை. ராஜஸ்தானில் பலோதி அருகேயுள்ள கீச்சன் சிற்றூருக்கு மங்கோலியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் டெமாய்செல் என்னும் பெருங்கொக்குகள் குளிர்காலத்தில் வலசை வருகின்றன. ராஜஸ்தானியர் அவற்றைக் குர்ஜான் என்பர். 1970-களில் சமணக் குடும்பத்தினர் சிலர் அவற்றுக்குத் தானியம் இடத் தொடங்கினர். சில நூறாக இருந்த எண்ணிக்கை பல ஆயிரமாக உயர்ந்தது. ஊரார் சுக்கா கர் என்னும் வேலியிட்ட தீனிக் களத்தை அமைத்தனர். காலையில் அங்கே தானியம் பரப்பப்படும், உண்டபின் பறவைகள் நீர்நிலைகளுக்குச் செல்லும். பிழைப்புக்காக வேற்று நகரங்களில் குடியேறிய மார்வாடிக் குடும்பங்களின் கொடை இதைத் தாங்கிவருகிறது. 2025 ஜூன் மாதம் கீச்சன் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் ஓரிடத்தில் திரள்வதால் மின்கம்பிகளில் மோதி இறக்கும் இடர் அங்கேயும் உண்டு. ஆயினும் களம், நேரம், பொறுப்பாளர் என்ற மூன்றும் அங்கே வரையறுக்கப்பட்டுள்ளன.

தாதருக்கும் கீச்சனுக்கும் இடையிலான வேறுபாட்டில் பறவையின் இயல்புக்கும் பங்குண்டு. மாடப்புறா மலைமுகட்டின் பாறையிடுக்கில் கூடுகட்டும் இனத்தின் வழிவந்தது. மாடங்களில் வாழ்வதால் அதற்குத் தமிழ் அப்பெயரைத் தந்தது. மும்பையின் அடுக்குமாடிக் கட்டடங்கள் அதற்கு முடிவற்ற மலைமுகடு. பெரும்பாலான சிறுபறவைகள் தம் குஞ்சுகளைப் பூச்சியூட்டி வளர்க்கின்றன; சிட்டுக்குருவிக்கு எவ்வளவு தானியம் இறைத்தாலும் பூச்சியின்றி அதன் குஞ்சு தேறாது. புறாவோ தன் தொண்டைப்பையில் சுரக்கும் பாலைப் புகட்டிக் குஞ்சை வளர்க்கிறது. அப்பால் சுரக்கத் தாய்க்கும் தந்தைக்கும் தானியம் கிடைத்தாலே போதும். ஆகவே நகரத்தில் இறைக்கும் தானியம் ஆண்டு முழுவதும் நேரே புறாக்குஞ்சாக மாறுகிறது. எல்லா உயிர்க்கும் என்று கருதி இட்ட உணவு ஓர் இனத்தை மட்டுமே பெருக்கியது இவ்வாறுதான்.

அப்பெருக்கத்தின் மருத்துவ விளைவும் நன்கறியப்பட்டதே. புறாவின் எச்சத்திலும் இறகுத் தூசியிலும் உள்ள புரதங்களை நெடுநாள் சுவாசிப்போருக்கு மிகையுணர்வு நுரையீரல் அழற்சி ஏற்படக்கூடும். கவனியாது விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை உலர்ந்த புறா எச்சத்தில் வளர்கிறது. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கு அது மூளையுறை அழற்சியைத் தரவல்லது. 2025 ஜூலையில் மும்பையின் 51 கபூதர்கானாக்களை மூடும் முடிவை மாநில அரசு சட்டமேலவையில் அறிவித்தபோது முன்வைக்கப்பட்ட வாதம் இதுவே. விலங்குநல ஆர்வலர்கள் பம்பாய் உயர்நீதிமன்றத்தை நாடினர். தடையை மீறி உணவிடுவோர்மீது வழக்குப் பதியுமாறு ஜூலை இறுதியில் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்ட் 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. பின்னர், நகரின் நான்கு இடங்களில் காலையில் மட்டும் உணவிட மாநகராட்சி இடைக்கால அனுமதி வழங்கியது.

இவ்வழக்கைச் சமயத்திற்கும் அறிவியலுக்கும் இடையிலான போராகச் சித்திரிப்பது எளிது. வரலாறு அவ்வாறு சித்திரிக்க இடந்தரவில்லை. இடமும் நேரமும் குறித்து உணவிட அனுமதிக்கும் மாநகராட்சியின் ஏற்பாடு, தன்னையறியாமலே சபூத்ரோவின் பழைய விதிக்குத் திரும்புகிறது. நோய் பரவும் வகை மேசையை விற்க மறுக்கும் பிரிட்டானியச் சங்கமும் உணவிடுதலைக் கைவிடச் சொல்லவில்லை. கூண்டைக் கழுவவும் இடத்தை மாற்றவும் அளவைக் குறைக்கவும் அறிவுறுத்துகிறது. இரு நாடுகளிலும் கேள்வி ஒன்றே: கொடையோடு அதன் பராமரிப்பையும் ஏற்பவர் யார்?

இக்கேள்வியில் இதுவரை பேசப்படாத ஒரு தரப்பும் உண்டு. தானியம் வாங்கிக் கொடுத்தவரின் பெயர் நன்கொடைப் பலகையில் இடம்பெறுகிறது. நாள்தோறும் அந்த எச்சத்தைப் பெருக்கி, அதன் தூசியை முதலில் சுவாசிக்கும் துப்புரவுத் தொழிலாளியின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவருடைய நுரையீரலும் ஜீவதயையின் எல்லைக்குள் வரவேண்டியதே. மகாஜன்களின் கணக்கேடுகளையும் பிஞ்சராபோல்களின் ஆண்டறிக்கைகளையும் நகராட்சிக் கோப்புகளையும் ஒருங்கே வைத்து வாசிக்கும் ஆய்வு, இரக்கத்தின் வரலாற்றோடு அந்த உழைப்பின் வரலாற்றையும் எழுத வேண்டும். கம்பாத்தின் முதியவர் இறகு தோய்த்துப் பாலூட்டியபோது, ஒவ்வொரு துளியும் எவ்வளவு, யாருக்கு என்பதை அவர் அறிந்திருந்தார். தாதரில் கொட்டப்படும் மூட்டைத் தானியத்தைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை.